ஜெய்லோசியின் நேர்கோடு

ஃபலேசியைப் பற்றி எழுதச் சொன்னால் எங்கள் சுகாதார நிலையத்தில் யாரும் இரண்டு வரிக்கு மேல் எழுத மாட்டார்கள். ஏழரைக்கு வருவாள், தொடுதிரைக்குப் பின்னால் உட்காருவாள், நாலரைக்கு எழுந்து போவாள், அவ்வளவுதான் என்பார்கள். எனக்கு வாய் நீளம் என்பது இந்த ஏரிக்கரை முழுக்கத் தெரிந்த விஷயம். அதனால் நானே எழுதிவிடுகிறேன். நான் டொரிக்கா. மருந்து ஜன்னலில் இருபத்திரண்டு வருடமாக நின்றுகொண்டிருக்கும் நர்ஸ். நாற்காலி கேட்டு நான்கு மனு போட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.

ஃபலேசி எங்களிடம் வந்தது தரை துடைக்க. பள்ளியின் கடைசி வகுப்பான நான்காம் படிவம் வரை படித்தவள், கணக்கில் கெட்டிக்காரி, ஆனாலும் மலாவியில் அந்தப் படிப்புக்குக் கிடைத்த வேலை அதுதான். அந்தச் சமயத்தில்தான் நிலையத்துக்குத் தொடுதிரை வந்தது. நகரத்திலிருந்து இரண்டு பையன்கள் வந்து, அப்போதிருந்த எழுத்தருக்கு மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்கள். நோயாளியின் நோட்டில் கோடு போட்ட ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், அதைச் சிவப்பு வெளிச்சத்தில் காட்ட வேண்டும், திரை கேட்கும் கேள்விக்கு விரலால் பதில் சொல்ல வேண்டும். அந்த எழுத்தர் மூன்றாம் மாதமே வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். மறுநாள் காலையில் அறுபது பேர் வரிசையில் நிற்க, எங்கள் பொறுப்பாளர் கம்பலாமே சார் அந்தத் திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஃபலேசி போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் துடைத்துக்கொண்டே அத்தனை பக்கங்களையும் பார்த்து வைத்திருந்தாள். அன்று மதியத்துக்குள் வரிசை முடிந்தது. ஆறு மாதம் கழித்துத்தான் எழுத்தர் என்று காகிதம் வந்தது, அதுவரை சம்பளம் துடைப்பக்காரியுடையதுதான்.

அவள் கணவன் ஜெய்லோசி வடக்கே பிறந்தவன். எங்கள் வழக்கப்படி பெண் ஊருக்கு வந்து குடியேறியவன். மீன் எங்கே போகிறதோ அங்கே போவான். உசிபா பொடிமீன் ஏறும் மாதத்தில் எந்தக் கரையில் இருக்கிறான் என்று பெண்டாட்டிக்கே தெரியாது. சிரித்த முகம், யாரையும் கிண்டல் பண்ணாமல் விடமாட்டான். என் ஜன்னலுக்கு வந்தால், "சிஸ்டர், இந்த மாத்திரையைத் தின்னா நானும் உங்க மாதிரி குண்டாயிடுவேனா?" என்று கேட்பான். அவனுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஃபலேசிக்கு அப்போது சோதித்ததில் இல்லை. மாத்திரை விஷயத்தில் அவனைப்போல ஒரு சோம்பேறியை நான் பார்த்ததில்லை. பத்து நாள் தாமதமாக வருவான், டப்பாவில் பாதி மிச்சம் இருக்கும், கேட்டால் காற்று சரியில்லை என்பான். காற்றுக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கத்துவேன். ஒழுங்காக வராதவர்களுக்கு மாதத்துக்கு ஒரு டப்பாதான் கொடுப்போம். அவன் கடைசிவரை மாதாமாதம் ஆள்தான்.

போன வருடம் ஜூலையில் தென்கிழக்குக் காற்று எழுந்தபோது அவன் ஏறிப்போன படகு கவிழ்ந்தது. இரண்டு நாள் கழித்து உடல் கிடைத்தது. அவனுடைய தாய்மாமன் ஒரு வண்டியோடு வந்து தங்கள் ஊருக்கு எடுத்துப் போனார். நாங்கள் எல்லோரும் போனோம். கம்பலாமே சார் கல்லறையருகே நீளமாகப் பேசினார். ஃபலேசிக்குத் தலை மழித்து, கழுத்தில் கறுப்புத் துணிக் கீற்று கட்டினார்கள். அடுத்த வருடம் அறுவடை முடிந்ததும் வந்து விடுவித்துவிடுகிறோம் என்றார் மாமன். கணவன் வீட்டார் வந்து, அந்தத் துணியைக் கழற்றி, நீ இனி போகலாம் என்று சொன்னால்தான் ஒரு விதவைக்குத் துக்கம் முடியும். அதுவரை அவள் இறந்தவனின் மனைவிதான். அறுவடை முடிந்தது, அவர்கள் வரவில்லை.

அவனைப் புதைத்த மறுமாதமே, ஆகஸ்டில் ஒருநாள் என் ஜன்னலுக்கு ஒரு நோட்டு வந்தது. ஸ்டிக்கரைக் காட்டினேன். திரையில் பச்சைக் குறி வந்தது, கொடுக்கலாம் என்று அர்த்தம். டப்பாவை எடுத்த பிறகுதான் பெயரைப் படித்தேன். ஜெய்லோசி ம்பேவே. நோயாளி நேரில் வந்தாரா என்ற கேள்விக்கு இல்லை என்றும், துணை வந்தாரா என்ற கேள்விக்கு ஆம் என்றும் பதிவாகியிருந்தது. நிமிர்ந்தால் ஃபலேசி நிற்கிறாள். மழித்த தலையில் துணி சுற்றியிருந்தாள். நான் டப்பாவைக் கொடுத்தேன். ஏன் கொடுத்தாய் என்று கேட்டால் இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. பச்சைக் குறி வந்தது, கை நீட்டினாள், கொடுத்தேன். துக்கத்தில் புத்தி பேதலித்திருக்கிறாள், நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் மாதமும் வந்தாள், கொடுத்தேன்.

மூன்றாம் மாதம் அவளை மருந்துக் கிடங்குக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். செத்தவனுக்கு எதற்கு மாத்திரை, அவனையும் சேர்த்து எங்களை எல்லாம் பைத்தியமாக்கப் பார்க்கிறாயா என்று கேட்டேன். அவள் அலமாரியில் இருந்த டப்பாக்களை நேராக அடுக்கிக்கொண்டே பேசினாள்.

"அதை நான்தான் முழுங்கறேன் அக்கா. எனக்கும் வந்துடுச்சு. அடக்கம் முடிஞ்சு வந்ததும் நானே ஒரு கிட் எடுத்துச் சோதிச்சுப் பார்த்தேன்."

எனக்கு உட்கார வேண்டும்போல இருந்தது, கிடங்கிலும் நாற்காலி இல்லை. உன் பேரில் பதிந்துகொள்ள என்ன கேடு என்றேன். அவளுக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

"என் பேரை ஏத்தினா மாவட்டத்துல இருக்கற பதினெட்டு மெஷின்லயும் திறக்கும் அக்கா. பெட்டிக்கு முன்னால உக்கார்றவங்க யாரைப் பார்ப்பாங்க, என்ன பேசிப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? நானே எத்தனை பேரைத் திறந்து பார்த்திருக்கேன்."

அது உண்மை. காகிதத்தில் எழுதிய காலத்தில் ஒருவருக்குத் தன் பெயர் தெரிய வேண்டாமென்றால், பஸ் ஏறி அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போய் வேறொரு பெயரைச் சொல்லிவிட்டு வருவார். இப்போது எல்லாப் பெட்டியும் ஒன்றோடொன்று பேசுகிறது. எழுத்தர்களுக்குள் போனில் ஒரு குழு இருக்கிறது. பாதிரியார் மனைவி எப்போது மாத்திரை ஆரம்பித்தாள், பள்ளித் தலைமையாசிரியர் எந்த மாதம் விட்டார் என்றெல்லாம் அதில் ஓடும். ஃபலேசியும் அதில் சிரித்தவள்தான். அவளே ஒப்புக்கொண்டாள்.

அதோடு அவன் வீட்டார் பயம் வேறு. அவனுக்கு நோய் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. இவள் பெயர் வெளியே வந்தால், எங்கள் பிள்ளைக்கு நோயைக் கொடுத்து அதிர்ஷ்டத்தைக் கெடுத்து ஏரியில் தள்ளியவள் இவள்தான் என்பார்கள். பிறகு யார் வந்து துணியைக் கழற்றுவது?

"அவர் நம்பர் அப்படியே இருக்கட்டும் அக்கா. அவருக்குன்னு வர்ற டப்பாதானே. யாருக்கும் நஷ்டமில்ல."

ஒரே மாத்திரைதான், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு. உடம்புக்குக் கெடுதல் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். வாய் நீளம் என்று பேரெடுத்தவள் வாழ்க்கையிலேயே ஒரு விஷயத்தை ஒழுங்காக மூடிவைத்தது அதுதான். மாதத்துக்கு ஒரு முறை பச்சைக் குறி வரும், டப்பாவை நீட்டுவேன், இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம். சில மாதங்களில் எனக்கே மரத்துப்போனது. ஜெய்லோசி என்று படிக்கும்போது ஒன்றும் தோன்றாது.

இந்த ஜூனில் தலைநகர் லிலோங்வேயிலிருந்து மதிப்பீட்டுக்காரர் வந்தார். பெயர் ந்யாசுலு. ஒல்லியான, மரியாதையான மனிதர், சட்டைப் பையில் நிமிடம் எண்ணும் கடிகாரம். இந்தப் பெட்டிகளை இவ்வளவு செலவு செய்து வைத்திருக்கிறோமே, இவற்றால் நோயாளிகளுக்கு நன்மை உண்டா இல்லையா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. கம்பலாமே சார் ஒரு வாரமாகத் தூங்கவில்லை. வாசல் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார். வரிசை சின்னதாகத் தெரியவேண்டும் என்று, இருமல் உள்ளவர்களை அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினார். நான் செருப்பை மாற்றிப் புது ஷூ போட்டுக்கொண்டு போனேன். வரிசையில் நின்ற மீன்காரி ஒருத்தி, "என்ன சிஸ்டர், இன்னிக்கு உங்களைப் பொண்ணு பார்க்க வர்றாங்களா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள்.

ந்யாசுலு இரண்டு நாள் வாசலில் நின்று, ஒருவர் உள்ளே நுழைந்ததிலிருந்து மருந்து வாங்கிப் போகும்வரை எத்தனை நிமிடம் என்று குறித்தார். மூன்றாம் நாள், திங்கட்கிழமை, எங்களை எல்லாம் உட்காரவைத்துச் சுவரில் படம் காட்டினார். நோயாளிகள் சொன்ன தேதிக்கு வருகிறார்களா, மாத்திரை மிச்சமில்லாமல் முழுங்குகிறார்களா என்பதைக் கோடுகளாகப் போட்டிருந்தார். முக்கால்வாசிப் பேர் கோடு ஏறி இறங்கிக் கிடந்தது. கடைசியில் ஒரே ஒரு கோட்டைப் பெரிதாக்கினார். அதில் பெயர் இல்லை, நோயாளி எண் மட்டும்தான்.

இவரைப் பாருங்கள் என்றார். நான்கு வருடம் தாறுமாறாக இருந்திருக்கிறார். போன ஜூலையில் நாம் நோயாளிகளின் போனுக்கு நினைவூட்டும் மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தோம். ஆகஸ்டிலிருந்து ஒரு நாள்கூடத் தவறவில்லை, ஒரு மாத்திரைகூட மிச்சமில்லை, மாவட்டத்திலேயே இப்படி இன்னொருவர் இல்லை. கோடு ஜூலைக்குப் பிறகு சுவரின் ஓரம்வரை நேராகப் போனது. கம்பலாமே சார் கைதட்டினார், நாங்களும் தட்டினோம். ஃபலேசி கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். அந்த எண்ணை அவள் மனப்பாடமாக அறிவாள், நானும் அறிவேன். அவள் பேனா நிற்கவில்லை.

உயிரோடு இருப்பவன் எவனும் அப்படி இருக்க மாட்டான் என்று எனக்குத் தொண்டைவரை வந்தது. உயிரோடு இருப்பவனுக்குக் காய்ச்சல் வரும், சாவு வீட்டுக்குப் போவான், மீன் பின்னால் ஓடுவான், மறந்துபோவான். இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன். நகரத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது எப்படித் தெரியும்?

ந்யாசுலு அந்த ஆளைச் சந்திக்க விரும்பினார். முகம் தெரியாமல் முதுகுப் பக்கமாக ஒரு படம், அவர் வாயால் நான்கு வார்த்தை, நன்றிக்கு ஒரு கம்பளி. அடுத்து எப்போது வருவார் என்று ஃபலேசியிடம் கேட்டார்.

"வியாழக்கிழமை அவர் தேதி சார்," என்றாள் ஃபலேசி.

அன்று சாயங்காலம் அவளை வழிமறித்துத் திட்டினேன். ஊரைவிட்டுப் போய்விட்டான் என்று சொல்லியிருக்கலாமே, வேறு இடத்துக்கு மாற்றம் என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, தட்டினால் முடிந்ததே என்றேன். மாற்றம் என்று தட்டினால் இந்த நம்பர் இங்கே மூடிவிடும், நாற்பத்திநாலு வயசு ஆம்பளையா நான் எந்த ஊரில் போய் நிற்பது என்று கேட்டாள். சரி, உன் பேரில் எழுது, உலகம் இடிந்தா விழும் என்றேன். டப்பாவில் எத்தனை மிச்சம் என்று கேட்டேன். மூன்று என்றாள். வியாழன் காலையோடு அது தீரும். மழைக்குக் குடை எடுத்தாயா என்று கேட்டவளுக்குப் பதில் சொல்கிற குரலில்தான் அதையும் சொன்னாள்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கே ந்யாசுலு வந்துவிட்டார். பிளாஸ்டிக் உறையில் கம்பளி. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் ஆம்பளை உள்ளே நுழையும்போதும் நிமிர்ந்து பார்த்தார். ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று, பதினொன்று. ஃபலேசி எண்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கம்பலாமே சாருக்கு வியர்த்துவிட்டது. மறந்திருப்பார், நினைவூட்டும் மெசேஜை இன்னொரு தடவை அனுப்பு என்றார். ஃபலேசி தட்டவில்லை. ந்யாசுலு எழுந்து வந்து, பரவாயில்லம்மா நான் அனுப்புகிறேன் என்று எட்டித் தானே தட்டினார்.

அவள் கைப்பைக்குள் போன் மணி அடித்தது.

ந்யாசுலு அதைப் பொருட்படுத்தவில்லை, தற்செயல் என்று நினைத்திருப்பார். போகவில்லையோ என்று மறுபடி தட்டினார். பைக்குள் மறுபடி அடித்தது. என் ஜன்னலிலிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது. அவர் விரலைத் திரைக்கு மேல் நிறுத்தி வைத்துக்கொண்டு பையைப் பார்த்தார். ஃபலேசி பையைத் திறந்து ஜெய்லோசியின் பழைய போனை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். பதினோரு மாதமாக அதற்கு மின்சாரம் ஏற்றி, மாதாமாதம் மெசேஜைப் படித்து வந்திருக்கிறாள்.

"அவர் வரமாட்டார் சார். அவர் செத்து பதினோரு மாசம் ஆச்சு," என்றாள்.

அடுத்த நம்பரைக் கூப்பிடுகிற அதே சத்தம். வரிசையில் முன்னால் நின்ற எட்டுப் பத்துப் பேருக்குத் தெளிவாகக் கேட்டது. கம்பலாமே சார் அவளை உள்ளே வரச் சொன்னார், அவள் எழவில்லை. அப்போதுதான் அந்த எண் யாருடையது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். கல்லறையருகே பேசியவர் அல்லவா.

"அப்ப மாத்திரையெல்லாம்?" என்று ந்யாசுலு கேட்டார்.

"நான் முழுங்கினேன். தினமும், காலையில ஆறு மணிக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எந்த மாதம் இறந்தார் என்று கேட்டார். ஜூலை என்றாள். அவர் தன் கம்ப்யூட்டரைத் திறந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மெசேஜ் ஆரம்பித்த மாதமும் அதுதான், மனிதன் மூழ்கிய மாதமும் அதுதான்.

"அப்ப இந்தக் கோடு உங்களோடதும்மா," என்றார்.

"பேரு அவரோடது சார்."

கெட்ட மனிதர் இல்லை அவர். போலீஸ் என்றோ வேலை போய்விடும் என்றோ ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இறந்தவர் கணக்கில் மருந்து போகிறது என்று தெரிந்த பிறகு அதைத் திறந்துவைத்துவிட்டு ஊருக்குப் போக முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள், இப்போதே மூட வேண்டும் என்றார். ஃபலேசி அவனுடைய எண்ணைத் திறந்தாள். நோயாளி எப்படி விலகினார் என்று திரை கேட்டது. மாற்றம், நிறுத்தம், காணவில்லை, மரணம் என்று நான்கு பொத்தான். இந்த நிலையத்தில் மரணம் என்ற பொத்தானை அவள்தான் ஆயிரம் தடவை தட்டியிருப்பாள். தட்டினாள். தேதி கேட்டது, கொடுத்தாள். நிச்சயமா என்று கேட்டது. அங்கே கொஞ்ச நேரம் விரல் நின்றது. பிறகு ஆம் என்று தட்டினாள்.

நான் ஜன்னலை அடைத்துவிட்டு வெளியே வந்தேன். அவளை எழுப்பி நோயாளி உட்காரும் முக்காலியில் உட்காரவைத்து, அவள் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். எனக்கு அந்தத் திரை பழக்கமில்லை, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டினேன். பன்னிரண்டு வருடமாகத் தெரிந்தவளிடம் பெயர் கேட்டேன், அவளும் சொன்னாள். வயது, ஊர், போன் நம்பர். இதற்கு முன் மாத்திரை எடுத்தது உண்டா என்று கேட்டது. ஆம் என்று தட்டினால் பழைய நம்பரைக் கொடு என்றது. கொடுக்க அவளுக்கென்று ஒரு நம்பர் இல்லை. இல்லைன்னு போடுங்க அக்கா என்றாள். இல்லை என்று தட்டினேன். சிகிச்சையின் முதல் நாள் இன்று என்று பதிவாகியது. பதினோரு மாதம் எங்கேயும் இல்லாமல் போயிற்று. வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவள் காதில் ஏதோ சொன்னாள், ஒரு குழந்தை அழுதது. எனக்கு அழவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஸ்டிக்கர் கோணலாக ஒட்டிவிட்டதே என்றுதான் நினைத்தேன்.

ந்யாசுலு போகும்போது கம்பளியை பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போனார். யாரிடம் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கம்பலாமே சார் அதை எடுத்துக் கிடங்கில் வைத்தார்.

இரண்டு வாரம் கழித்து ஃபலேசி என்னைக் கூப்பிட்டுத் தன் பதிவை யார் யார் திறந்தார்கள் என்று காட்டினாள். எழுத்தர்களுக்கு அது தெரியும் வசதி உண்டாம். முப்பத்தியொரு தடவை திறந்திருந்தார்கள், ஒன்பது ஊர்களிலிருந்து. குழுவில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் வந்ததும் பேச்சை மாற்றினார்கள், பிறகு அவளில்லாமல் வேறு குழு ஆரம்பித்துக்கொண்டார்கள். செப்டம்பரில் வடக்கேயிருந்து ஆள் மூலம் தகவல் வந்தது. விடுவிக்க யாரும் வரமாட்டார்கள், அவள் செய்தது எங்களுக்குத் தெரியும் என்றார்களாம். எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த மாமனுக்குப் போன் போட்டு வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அவர் வைத்துவிட்டார். ஃபலேசியிடம் சொன்னபோது, எதுக்கு அக்கா காசை வீணாக்கினீங்க என்றாள்.

அக்டோபரில் மதிப்பீட்டு அறிக்கை வந்தது. கம்பலாமே சார் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். வாசலிலிருந்து மருந்துவரை ஆகும் நேரம் குறைந்திருக்கிறது. பதிவுகளில் நானூறுக்கு ஒன்றுதான் பிழை, அது ஏற்கத்தக்க அளவு. நினைவூட்டும் மெசேஜால் நல்ல பலன், பக்கத்து மாவட்டங்களுக்கும் கொடுக்கலாம். அந்தக் கோடும் இருந்தது. கீழே பொடி எழுத்தில், இந்தப் பதிவு பின்னர் வேறொருவருடையது எனத் தெரியவந்தது, ஆயினும் போக்கு மாறவில்லை என்று எழுதியிருந்தார்கள். ஃபலேசி வாங்கிப் படித்தாள், துளை போட்டுக் கோப்பில் வைத்தாள்.

மாதக் கடைசியில், தேதிக்கு மருந்து வாங்க வராதவர்கள் யார் என்று பெட்டி ஒரு பட்டியல் அடித்துக் கொடுக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தேடிப்பிடிப்பது என் வேலை. நவம்பரில் ஃபலேசி அதை என் ஜன்னலுக்குக் கொண்டுவந்தாள்.

"இந்த மாசம் மூணு பேர் அக்கா."

முதல் இருவரையும் எனக்குத் தெரியும். மூன்றாவதில் எண்ணைப் பார்த்தேன். நான் ஒற்றை விரலால் தட்டி உண்டாக்கிய எண் அது. பெயரையும் படித்தேன். நிமிர்ந்தேன், அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். பட்டியலை அடித்தவளும் அவள்தான், வேண்டுமென்றால் தன் பெயரை எடுத்துவிட்டுக் கொடுத்திருக்கலாம்.

என்னடி இது என்றேன். டப்பாவில் எவ்வளவு மிச்சம் என்று கேட்டேன். இருபத்தாறு என்றாள். முழுங்கியது முப்பதில் நான்கே மாத்திரை. எனக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது. செத்தவன் பேரில் முந்நூற்று முப்பது நாள் விடாமல் முழுங்கினவளுக்கு இப்போது என்ன கேடு வந்தது, பேர் போனது போயாயிற்று, இனி யாருக்குப் பயப்படுகிறாய் என்று கத்திவிட்டேன். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

"பயமில்ல அக்கா. அவர் பேர்ல இருந்தப்ப காலையில எழுந்ததும் கை தானா போகும். அவருக்கு எடுத்துக் குடுக்கற மாதிரியே இருக்கும். இப்ப டப்பாவுல என் பேரு இருக்கு. எனக்குன்னு எடுக்கத் தோணல."

கொஞ்ச நேரம் டப்பாக்களை நகர்த்தி நகர்த்தி வைத்தேன். பிறகு, நாளைக் காலையிலிருந்து உன் டப்பா என்னிடம் இருக்கும், ஏழரைக்கு இங்கே வந்து என் கண்முன்னால் முழுங்கிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார வேண்டும் என்றேன். அவள் எழுத்தர் அல்லவா, அதை எந்தப் பக்கத்தில் பதிவது என்று கேட்டாள். எதிலும் பதிய வேண்டாம் என்றேன்.

மறுநாள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். மூன்றாம் நாள் ஏழே முக்கால் ஆகியும் காணவில்லை. ஜன்னலை அடைத்துவிட்டு, டப்பாவையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு, அவள் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.